ஜூனில் அம்மா அப்பா வருகிறார்கள்: ஆங்கிலத் தோட்டம், கிராமம், கேமரா. எங்கே, எந்த நேரத்தில்?

வைகைக்கரை

எல்லோருக்கும் வணக்கம். ஜூன் இரண்டாம் வாரம் அம்மாவும் அப்பாவும் மதுரையிலிருந்து வருகிறார்கள். நான் இருப்பது ரெடிங். லண்டனைப் போன முறையே சுற்றிக் காட்டிவிட்டேன். இந்த முறை அம்மா தெளிவாகச் சொல்லிவிட்டார்: "மியூசியமெல்லாம் போதும், தோட்டத்தைக் காட்டு." மொட்டை மாடி முழுக்கத் தொட்டி வைத்திருப்பவர். ஒரு செடி பிடித்துவிட்டால் அங்கிருந்து நகர்த்துவது கஷ்டம். அப்பாவுக்குக் காலண்டரில் வருகிற கிராமம் வேண்டும்: கல் வீடு, ஓடை, வாத்து, வாசலில் ஏறிய ரோஜா.

நான் கார் ஓட்டுவதில்லை. அம்மாவுக்கு முழங்கால் தொந்தரவு, மேடு ஏற முடியாது. கேமரா மிரர்லெஸ், ஒரே ஒரு 24-105 லென்ஸ். மூன்று நாள் விடுப்பு கிடைக்கும். எங்கே போவது? எந்த நேரத்தில் எடுத்தால் படம் நன்றாக வரும்? தேடினால் எல்லாரும் பைபரி பைபரி என்கிறார்கள். அங்கே மட்டும் போனால் போதுமா?

வெட்டிப்பயணி

கண்ணை மூடிக்கொண்டு பைபரிக்குப் போங்கள். ஆர்லிங்டன் ரோ என்று ஒரு வீட்டு வரிசை. 14-ஆம் நூற்றாண்டில் மடாலயத்துக் கம்பளிக் கிடங்காகக் கட்டி, 17-ஆம் நூற்றாண்டில் நெசவாளர் வீடுகளாக மாற்றியது. பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டின் உள் அட்டையிலேயே அந்தப் படத்தைப் போட்டார்கள், அப்புறம் என்ன வேண்டும்? நான் லண்டனிலிருந்து டூர் பஸ்ஸில் போனேன். பைபரி, போர்ட்டன், ஸ்டோ எல்லாம் ஒரே நாளில் முடிந்தது. மதியம் ஒரு மணிக்கு நல்ல வெயில், படமெல்லாம் பளிச்சென்று வந்தது.

ஒளிமானி

//மதியம் ஒரு மணிக்கு நல்ல வெயில்//

அங்கேதான் வில்லங்கமே. ஜூனில் அந்தப் பக்கம் சூரியன் உதிப்பது காலை 4.45 வாக்கில், மறைவது இரவு 9.25 வாக்கில். கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளி வைப்பதால் பகல் ஒரு மணிதான் உண்மையான உச்சி. அப்போது கூரை விளிம்பின் நிழல் சுவரின் மேல்பாதியை மூடிவிடும், மீதிச் சுவர் வெளுத்துப் போகும். பைபரி இருக்கிற இந்தக் காட்ஸ்வோல்ட்ஸ் வட்டாரத்து வீடுகளின் அழகே அந்தக் கல்லின் தேன் நிறம்தான். ஜுராசிக் காலச் சுண்ணாம்புக்கல், அதிலுள்ள இரும்பு மஞ்சளைத் தருகிறது. வடக்கே சிப்பிங் கேம்டன் பக்கம் நிறம் அடர்த்தி, தெற்கே பாத் பக்கம் போகப் போக வெளிறும். சாய்ந்த வெயில் பட்டால்தான் அந்த நிறம் எழும்பும்.

வைகைக்கரை, நீங்கள் கேட்ட இரண்டும் ஒரே கேள்விதான். கிராமத்துக்குக் கதவு கிடையாது, விடியற்காலை ஐந்து மணிக்கும் போகலாம், இரவு எட்டரைக்கும் போகலாம். தோட்டத்துக்குக் கதவு உண்டு. பத்து, பதினொன்றுக்குத் திறந்து ஐந்து, ஆறு மணிக்குப் பூட்டிவிடுவார்கள். நல்ல வெளிச்சம் இருக்கிற இரண்டு நேரமும் பூட்டின கதவுக்குப் பின்னால் போய்விடும். அதனால் கிராமத்துக்கு வெயிலை வேண்டிக்கொள்ளுங்கள், தோட்டத்துக்கு மேகத்தை வேண்டிக்கொள்ளுங்கள். மேகம் மூடிய நாளில் நிழல் கறுப்பாக விழாது, ரோஜா இதழின் மடிப்பு மடிப்பாகத் தெரியும். வானம் மட்டும் வெறும் வெள்ளையாக இருக்கும், அதைப் படத்துக்குள் சேர்க்காமல் எடுங்கள். இங்கிலாந்தில் மேகத்துக்குப் பஞ்சமா?

இதற்கு ஒரு நாள் டூர் பஸ் உதவாது. ஒரு ராத்திரியாவது ஊரிலேயே தங்க வேண்டும்.

வெட்டிப்பயணி

ஐந்து மணிக்கு எழுந்து படம் எடுக்க எல்லாரும் உங்களைப் போல் ஒளி மீட்டரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பிறக்கவில்லை ஐயா. வயதான அப்பா அம்மாவோடு போகிறார்.

ஒளிமானி

மதுரையில் நாலரைக்கு எழுந்து கோலம் போடுகிறவரை நீங்கள்தான் ஐந்து மணிக்கு எழ முடியாதவர் என்கிறீர்கள். போதாததற்கு முதல் இரண்டு மூன்று நாள் நேர வித்தியாசத்தில் தூக்கமே அதிகாலையில் கலைந்துவிடும். அதை வீணாக்காதீர்கள்.

சுன்னாகத்தான்

தங்கச்சி, எல்லாரும் காட்ஸ்வோல்ட்ஸ் என்றே கதைக்கினம். தோட்டம் என்றால் கென்ட், சசெக்ஸ் பக்கம் வாங்கோ. நான் மெட்வே பக்கம் கனகாலம் இருக்கிறன், சொல்லுறதைக் கேளுங்கோ.

சிசிங்ஹர்ஸ்ட்: விட்டா சாக்வில்-வெஸ்ட்டும் கணவர் ஹரால்ட் நிக்கல்சனும் 1930-இல் இடிபாடாக வாங்கிய இடம். கணவர் கோடு போட்டார், மனைவி செடியால் நிரப்பினார். நேரான பாதை, உயரமான வேலி, அதற்குள் கட்டுக்கு அடங்காத பூ. 1938-இல் ஒரு ஷில்லிங் வாங்கிக்கொண்டு சனத்தை உள்ளே விட்டார்கள். வந்தவர்களை விட்டா 'ஷில்லிங்குகள்' என்றே சொல்லுவாராம். வெள்ளைத் தோட்டம் என்று ஒரு பகுதி, வெள்ளைப் பூவும் சாம்பல் இலையும் மட்டும். நடுவில் பந்தலில் ஏறிய ரோஜா ஜூலைத் தொடக்கத்தில்தான் முழுதாய்ப் பூக்கும், ஜூன் இரண்டாம் வாரம் கொஞ்சம் முந்தித்தான். ஆனால் மற்ற ரோஜாத் தோட்டத்துக்கு அதுதான் சரியான நேரம். கோபுரத்தில் ஏறினால் முழுத் தோட்டமும் அறை அறையாகத் தெரியும். அம்மாவைக் கீழே வாங்கில் இருத்திவிட்டு அப்பாவை மட்டும் ஏற்றுங்கோ.

கிரேட் டிக்ஸ்டர்: சசெக்ஸ் நோர்தியமில் இருக்குது. புது டெல்லியை வரைந்த லட்யன்ஸ்தான் 1910-க்குப் பிறகு அந்தப் பழைய வீட்டைத் திருத்திப் பெருப்பித்தவர். அந்த வீட்டில் பிறந்த கிறிஸ்டோபர் லாயிட் 1990-களில் லட்யன்ஸ் போட்ட ரோஜாத் தோட்டத்தையே கிளறி எடுத்துவிட்டு வாழையும் கல்வாழையும் டாலியாவும் நட்டார். ஊர் முழுக்கத் திட்டியது, ஆள் அசையவில்லை. பனிக்காலம் வந்தால் வாழை மரத்தைப் பெரணி இலையால் சுற்றிக் கட்டி வைப்பார்கள். வாழைக்குப் போர்வை போர்த்துகிற நாட்டை அம்மா பார்க்கத்தானே வேணும்?

வைகைக்கரை

வாழைக்குப் போர்வையா! இதை இப்போதே போனில் சொல்லிவிட்டேன். அம்மா சிரித்து முடிக்கவில்லை. ஆனால் அண்ணா, ரெடிங்கிலிருந்து கென்ட் போய்த் திரும்பவே ஒரு நாள் ஆகிவிடுமே?

சுன்னாகத்தான்

ஓம், அது உண்மைதான். லண்டன் மாறி ஸ்டேபிள்ஹர்ஸ்ட் வரை ரயில், அங்கிருந்து டாக்ஸி. மூன்று நாளில் இரண்டு பக்கமும் ஓடினால் ரயிலைத்தான் படம் எடுக்க வேணும். ஒரு பக்கத்தைப் பிடியுங்கோ. எங்கட பக்கம் அடுத்த முறை.

கல்வெட்டு

ரெடிங்கிலிருந்து என்றால் மேற்கேதான் போக வேண்டும். மோர்டன்-இன்-மார்ஷுக்கு ஆக்ஸ்ஃபர்ட் வழியாக நேர் ரயில் உண்டு. சிப்பன்ஹாமுக்கும் நேர் ரயில் உண்டு. அந்த இரண்டு நிலையத்தையும் வைத்தே பயணத்தைப் போட்டுவிடலாம்.

சிப்பன்ஹாமிலிருந்து லேகாக் பேருந்தில் கொஞ்ச தூரம்தான். கேமரா வைத்திருப்பவர் இங்கிலாந்தில் ஒரே ஒரு கிராமத்துக்குத்தான் போக முடியும் என்றால் நான் லேகாக்கைத்தான் சொல்வேன். 1835 ஆகஸ்டில் புகைப்படக்கலை முன்னோடி ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் தன் வீடான லேகாக் அபேயின் ஒரு சன்னலை நெகட்டிவாகப் பதித்தார். இன்று உலகத்தில் மிஞ்சியிருப்பவற்றில் மிகப் பழைய நெகட்டிவ் அதுதான். அளவு தபால்தலையை விடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவே. சன்னலில் சாய்சதுரச் சில்லுகள் ஏறக்குறைய 200 இருக்கின்றன, லென்ஸ் வைத்துப் பார்த்தால் எண்ணிவிடலாம் என்று அவரே குறித்து வைத்தார். மூல நெகட்டிவ் பிராட்ஃபர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சன்னல் அங்கேயே, அதே சுவரில் இருக்கிறது. உள்ளே நின்று வெளிச்சத்துக்கு எதிராக எடுத்தால் சில்லுகளின் ஈயக்கம்பி மட்டும் கறுப்பாக விழும். டால்பட் எடுத்ததில் அது தலைகீழ், கம்பி வெளுத்தும் வெளிச்சம் கறுத்தும் இருக்கும். கேமராவில் நிறத்தைத் தலைகீழாக்கிப் பாருங்கள், அப்பாவுக்குக் காட்டுங்கள்.

கிராமம் ஏறக்குறைய முழுவதும் பழைய இடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அறக்கட்டளை கையில், 1944-இல் டால்பட் குடும்பத்தார் எழுதிக் கொடுத்தது. தெருவில் மின்கம்பி, டிவி ஆன்டெனா எதுவும் கண்ணில் படாது, அதனால்தான் படப்பிடிப்புக்காரர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். தெரு சமதளம், அம்மாவுக்குச் சிரமம் இல்லை. பக்கத்தில் காசில் கூம் என்று இன்னொரு ஊர் உண்டு, எல்லாப் பட்டியலிலும் வரும். ஆனால் வண்டி நிறுத்துவது மேட்டில், ஊர் பள்ளத்தில். இறங்குவது சுலபம். திரும்பி ஏற வேண்டும். உங்களுக்கு வேண்டாம்.

செடிப்பைத்தியம்

எல்லாரும் பெரிய தோட்டமாகவே சொல்கிறீர்களே, சின்னத் தோட்டத்தை மறந்துவிட்டீர்களா? வைகைக்கரை, 'நேஷனல் கார்டன் ஸ்கீம்' என்று தேடுங்கள். 1927-இல் மாவட்ட நர்சுகளுக்குப் பணம் திரட்ட ஆரம்பித்தது. ஆளுக்கு ஒரு ஷில்லிங் என்று முதல் வருடமே 609 தோட்டங்களைத் திறந்தார்கள். இன்றைக்கும் சாதாரண மனிதர்கள் தங்கள் வீட்டுத் தோட்டத்தை வருடத்தில் சில நாள் ஊருக்குத் திறந்துவிடுகிறார்கள், வசூல் நர்சிங், மருத்துவ அறக்கட்டளைகளுக்குப் போகிறது. தெருமுனையில் மஞ்சள் அட்டை கட்டியிருக்கும். உள்ளே போனால் கேக், டீ, செடி விற்பனை, கையில் மண்ணோடு வீட்டுக்காரர்.

உங்கள் அம்மாவுக்கு இதைவிடப் பொருத்தமானது எதுவும் இல்லை. ஹிட்கோட் மாதிரிப் பெரிய தோட்டத்தில் ஆயிரம் பேர் நடுவே நடப்பார். இங்கே எழுபது வயதுப் பாட்டி ஒருவர் வந்து "இந்தக் கிளெமாட்டிஸ் மூன்று வருடம் பூக்கவே இல்லை, இடம் மாற்றினேன், இப்போது பார்" என்பார். மொழி இடிக்கும்தான். அதெல்லாம் செடிக்காரர்களுக்கு ஒரு தடையே இல்லை, விரலால் மண்ணைக் காட்டியே ஒரு மணி நேரம் பேசிவிடுவார்கள். நான் என் மாமியாரோடு போய்ப் பார்த்திருக்கிறேன். இரண்டு பேரும் அசுவினிப் பூச்சிக்குத் திட்டியது மட்டும் எனக்கு இரண்டு மொழியிலும் கேட்டது.

ஜூன் ஞாயிறுகளில் ஒரு கிராமமே சேர்ந்து பல தோட்டங்களை ஒரே டிக்கெட்டில் திறக்கும். படம் எடுக்கலாமா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பெரும்பாலும் சந்தோஷமாகச் சரி என்பார்கள், சிலர் தாங்களும் படத்தில் வந்து நிற்பார்கள்.

ஒளிமானி

செடிப்பைத்தியம் அக்கா சொல்வதற்கு என் ஓட்டு. இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது, யாரும் பேசவில்லை. பைபரியில் அந்த வரிசை வீடுகளில் ஆள் குடியிருக்கிறார்கள். திரைச்சீலை போட்டுக்கொண்டுதான் சாப்பிட வேண்டும். சன்னலில் முகத்தை ஒட்டிப் படம் எடுக்கிறவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

ஆர்லிங்டன் ரோ பக்கத்தில் முன்பு ஒரு முதியவரின் மஞ்சள் கார் நின்றுகொண்டிருந்தது. 'படத்தைக் கெடுக்கிறது' என்று இணையத்தில் ஒரே புலம்பல். 2017-இல் யாரோ அந்தக் காரையே உடைத்துக் கீறி வைத்துவிட்டார்கள். செய்தி பரவியதும், அந்தப் பெரியவருக்கு ஆதரவாக நாட்டின் பல பக்கத்திலிருந்தும் மஞ்சள் கார் வைத்திருப்பவர்கள் கூட்டமாகப் புறப்பட்டு வந்து பைபரி வழியாக ஊர்வலம் விட்டார்கள். இங்கிலீஷ்காரர் எதிர்ப்புத் தெரிவிக்கிற விதமே தனி.

என்னைக் கேட்டால் அந்த மஞ்சள் காரோடு எடுத்த படம்தான் நல்ல படம். ஆள் வாழ்கிற ஊர் என்று அதில்தான் தெரியும்.

வெட்டிப்பயணி

காரை உடைத்தவன் பைத்தியக்காரன், அதில் பேச்சே இல்லை. ஆனால் தெருவில் நின்று படம் எடுப்பது சட்டப்படி குற்றம் இல்லையே? அந்த ஊர்க்கடைகள், விடுதிகள் எல்லாம் நம்மைப் போன்றவர்கள் போவதால்தானே ஓடுகின்றன? அழகான ஊரில் வீடு வாங்கிவிட்டு, ஆள் வந்து பார்க்கிறான் என்று கோபித்தால் எப்படி?

கல்வெட்டு

பொதுத்தெருவில் நின்று எடுப்பதைச் சட்டம் பெரும்பாலும் தடுக்காதுதான். நேஷனல் டிரஸ்ட் இடங்களில் சொந்த உபயோகத்துக்கு எடுக்கலாம், விற்பதற்கு என்றால் அனுமதி வேண்டும், ட்ரோன் கூடவே கூடாது. வாசல்படிக்குள் கால் வைக்காதீர்கள், சன்னலுக்குள் லென்ஸை நீட்டாதீர்கள். அதற்குச் சட்டப் புத்தகம் தேவையில்லை.

ஆனால் 'அழகான ஊரில் வீடு வாங்கிவிட்டு' என்றீர்களே, அந்த அழகு வந்த கதையைக் கேளுங்கள். இந்த ஊர்களெல்லாம் கம்பளியால் பணம் பார்த்தவை. நார்த்லீச், சிப்பிங் கேம்டன் தேவாலயங்களின் பிரம்மாண்டம் எல்லாம் ஆட்டு ரோமப் பணம். பிறகு துணி நெய்வது நீராவிக்கும் நிலக்கரிக்கும் மாறி, யார்க்‌ஷயர் பக்கம் போய்விட்டது. இங்கே பணம் வற்றிப் போனது. பழைய வீட்டை இடித்துப் புதிதாகக் கட்ட யாரிடமும் காசில்லை, அப்படியே விட்டுவிட்டார்கள். சஃபோக்கில் லாவன்ஹாம் என்று மரச்சட்ட வீடுகள் ஒன்றன் மேல் ஒன்று சாய்ந்து நிற்கும் ஊர் இருக்கிறது, அதுவும் அப்படித்தான். ட்யூடர் காலத்தில் நாட்டின் பணக்கார ஊர்களில் ஒன்று, நெசவு படுத்ததும் காலம் அங்கேயே நின்றுவிட்டது. நாம் ரசித்துப் படம் எடுப்பது பல தலைமுறைக் கஷ்டத்தை.

தோட்டங்களின் கதை இன்னும் மோசம். டார்செட்டில் மில்டன் ஆபஸ் என்று ஒரு ஊர், சரிவான தெரு, இருபுறமும் ஓலைக்கூரை போட்ட 36 வெள்ளை வீடுகள், அச்சில் வார்த்ததுபோல். காலண்டர்காரர்களுக்கு ரொம்பப் பிடிக்கும். அது தானாக வளர்ந்த ஊர் அல்ல. மில்டன் பிரபு தன் மாளிகைச் சன்னலிலிருந்து பார்த்தால் பழைய சந்தை ஊர் கண்ணை உறுத்துகிறது என்று ஊரையே இடித்துவிட்டு, பார்வையில் படாத பள்ளத்தாக்கில் புதுத்தெரு கட்டிக் குடிவைத்தார். 1780 வாக்கில் முடிந்தது. திட்டம் போட்டதில் கேப்பபிலிட்டி பிரவுனுக்குப் பங்கு உண்டு, ஆங்கிலத் தோட்டக்கலையின் பெரிய ஆள். காலி செய்ய மறுத்த ஒரு வழக்கறிஞரைக் கிளப்ப அணையைத் திறந்து வீட்டுக்குள் தண்ணீர் விட்டார்கள் என்றும் ஊரில் சொல்வார்கள். புல்வெளி, ஏரி, தனிமரம் என்று இயற்கையாகத் தெரிகிற அந்தக் காட்சிக்காக ஒரு ஊரே பெயர்ந்தது.

வெட்டிப்பயணி

சரி, இது எனக்குத் தெரியாது. இருந்தாலும் பைபரி அழகுதான், அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

செடிப்பைத்தியம்

விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. இரவு எட்டு மணிக்குப் போங்கள் என்கிறோம். டூர் பஸ்ஸெல்லாம் கிளம்பிப் போயிருக்கும்.

ஒளிமானி

இரவு எட்டு மணிக்கு அங்கிருந்து திரும்பப் பேருந்து இருக்காது, கார் இல்லாதவருக்கு அதைச் சொல்லாதீர்கள் அக்கா. ஓடையும் வாத்தும் கல் வீடும்தானே அப்பா கேட்டது? போர்ட்டன்-ஆன்-த-வாட்டரில் ஒரு ராத்திரி தங்குங்கள். மோர்டனிலிருந்து 801 பேருந்து. விண்ட்ரஷ் ஆறு கணுக்கால் ஆழத்தில் ஊர் நடுவே போகும், அதன்மேல் குட்டிக் குட்டிக் கல்பாலங்கள். பகலில் திருவிழாக் கூட்டம். காலை ஐந்தே காலுக்கு நீங்களும் அப்பாவும் வாத்துகளும் மட்டும்தான். அம்மா தூங்கட்டும். பாலத்துக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்து, கேமராவைத் தண்ணீர் மட்டத்துக்கு இறக்கி, 60-80 மி.மீ. அளவில் எடுங்கள். பாலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நெருங்கி வரும். அகலமாக எடுத்தால் ஆறு பெரிதாகவும் பாலம் தீக்குச்சியாகவும் ஆகிவிடும்.

அங்கிருந்து லோயர் ஸ்லாட்டர் ஒன்றரை கிலோமீட்டர் நடை, ஏறக்குறைய சமதளம். அம்மா நடக்க முடியாவிட்டால் டாக்ஸி. ஓடையோரம் ஒரு செங்கல் புகைபோக்கி வைத்த பழைய ஆலை. சுற்றிலும் கல்வீடாக இருக்கும் இடத்தில் அந்தச் செங்கல் மட்டும் உறுத்தும், அதுதான் எனக்குப் பிடிக்கும்.

கல்வெட்டு

மோர்டனில் இறங்குகிறவர் செசின்கோட்டை விடக் கூடாது. நிலையத்திலிருந்து டாக்ஸியில் சில நிமிடம். காட்ஸ்வோல்ட்ஸ் புல்வெளி நடுவே தாமிரத்தில் வெங்காயக் குவிமாடம் வைத்த முகலாய பாணி மாளிகை! கிழக்கிந்தியக் கம்பெனியில் பணம் சேர்த்த சார்லஸ் காக்கரலுக்காக அவர் அண்ணன் சாமுவேல் 1805 வாக்கில் வடிவமைத்தது. தோட்டத்துக்கு யோசனை சொன்னவர் ஓவியர் தாமஸ் டேனியல். சகோதரர் மகன் வில்லியமோடு தென்னிந்தியா முழுக்கச் சுற்றிக் கோயில்களை வரைந்தாரே, அவரேதான். பாலத்தின் கைப்பிடிச் சுவர்மேல் நந்திகள் படுத்திருக்கும். பாலத்தடியில் ஓடை, அதன் நடுவே மரத்தண்டில் சுற்றிய மூன்று தலை நாகம். மேலே போனால் சூரியனுக்கு ஒரு குட்டிக் கோயில், முன்னே குளம். சுற்றிலும் வளர்வதோ ஈரநிலச் செடிகள், ஜப்பானிய மேப்பிள், இங்கிலீஷ் புல்வெளி.

நந்தியை நேராக எடுக்காதீர்கள், எல்லாரும் அப்படித்தான் எடுக்கிறார்கள். பாலத்தின் ஒரு முனையில் நின்று நந்தியின் முதுகு வழியாகத் தோட்டத்தைப் பாருங்கள். எல்லா நாளும் திறப்பதில்லை, பிற்பகலில் சில மணி நேரம்தான். முன்பே பார்த்துக்கொண்டு போங்கள்.

வைகைக்கரை

நந்தியா? அப்பா இப்போதே பெட்டி கட்டிவிடுவார். சரி, இதுவரை சேர்த்து ஒரு திட்டம் போட்டிருக்கிறேன், திருத்துங்கள்.

வியாழன் காலை மோர்டன், மதியம் செசின்கோட், இரவு போர்ட்டன். வெள்ளி விடிகாலை விண்ட்ரஷ் ஆற்றங்கரை, பிறகு லோயர் ஸ்லாட்டர், மதியம் ஹிட்கோட், இரவு ரயிலில் வீடு. சனி ஓய்வு. ஞாயிறு லேகாக்.

செடிப்பைத்தியம்

வெள்ளிக்கிழமை ரொம்ப இறுக்கம். லோயர் ஸ்லாட்டரை அப்பாவோடு விடியற்காலையிலேயே முடித்துவிடுங்கள். ஹிட்கோட்டுக்கு முழுப் பிற்பகல் வேண்டும். அமெரிக்காவில் வேர்கொண்ட குடும்பத்தைச் சேர்ந்த லாரன்ஸ் ஜான்ஸ்டன் 1907-லிருந்து உருவாக்கியது. உயர வேலிகளால் அறை அறையாகப் பிரிக்கிற பாணிக்கு இங்கிலாந்தில் பெரிய முன்மாதிரி அது. ஒரு வாசலைத் தாண்டினால் நிறமே மாறிவிடும். 1948-இல் நேஷனல் டிரஸ்ட் வீட்டுக்காக இல்லாமல் தோட்டத்துக்காகவே ஏற்ற முதல் இடம். எதிரிலேயே, சாலையைக் கடந்தால் கிஃப்ட்ஸ்கேட். பாட்டி, அம்மா, மகள் என்று மூன்று தலைமுறைப் பெண்கள் வளர்த்த தோட்டம், மரத்தையே விழுங்குகிற ஒரு ராட்சத ரோஜா அங்கே இருக்கிறது. ஆனால் அது ஜூன் கடைசி, ஜூலையில்தான் பூக்கும். சரிவில் இறங்கி ஏற வேண்டிய இடமும் உண்டு, அம்மாவுக்கு மேல்தளம் போதும்.

டாக்ஸியை முதல் நாளே பேசி வையுங்கள், திரும்புவதற்கும் சேர்த்து. கைப்பேசியில் கூப்பிட்டால் ஐந்து நிமிடத்தில் வந்து நிற்கிற ஊர் இல்லை அது. மதியச் சாப்பாட்டுக்குப் புளியோதரை கட்டிக்கொண்டால் வாகன நிறுத்தம் பக்கத்து மேசையில் உட்கார்ந்து சாப்பிடுங்கள், தோட்டத்துக்குள் இலையை விரிக்க விடமாட்டார்கள்.

ஞாயிறு லேகாக் போவதற்கு முன் பக்கத்தில் எந்த ஊர் தோட்டம் திறக்கிறது என்று மஞ்சள் அட்டைக்காரர்கள் பட்டியலைப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமைப் பேருந்தை மட்டும் நம்பாதீர்கள்.

வைகைக்கரை

அப்படியென்றால் சனிக்கிழமை லேகாக், ஞாயிறு ரெடிங் பக்கத்திலேயே திறக்கிற தோட்டம் ஏதாவது. ஒளிமானி சார், கேமராவில் என்ன வைத்துக்கொள்வது? நான் எப்போதும் ஆட்டோவில்தான் எடுப்பேன்.

ஒளிமானி

சார் எல்லாம் வேண்டாம். ஒரு போலரைசர் ஃபில்டர் மட்டும் வாங்குங்கள். வெயிலுக்கு என்று நினைப்பார்கள், மழை பெய்து விட்ட தோட்டத்தில்தான் அதற்கு வேலை அதிகம். இலைமேல் இருக்கிற வெள்ளைப் பளபளப்பைத் துடைத்துவிடும், அடியிலிருக்கிற பச்சை தெரியும். மெதுவாகத் திருகிக்கொண்டே திரையைப் பாருங்கள், ஒரு இடத்தில் இலை சட்டென்று கறுத்து ஆழமாகும். அங்கே நிறுத்துங்கள்.

வெள்ளைப் பூவை எடுத்தால் ஆட்டோ பக்கத்து இலையைப் பார்த்துக்கொண்டு பூவை வெளுத்துவிடும். வெளிச்ச அளவை (எக்ஸ்போஷர் காம்பன்சேஷன்) அரை அல்லது முக்கால் படி குறைத்து எடுங்கள். சிவப்பு ரோஜாவுக்கும் அதேதான், இல்லாவிட்டால் இதழெல்லாம் ஒரே சிவப்புப் பூச்சாகிவிடும். நீலம் இன்னொரு தொல்லை: டெல்ஃபினியம் போன்ற பூக்கள் கேமராவில் ஊதாவாக மாறும். ரா (RAW) கோப்பாக, அதாவது கேமரா பதித்ததை அப்படியே வைக்கிற கோப்பாக எடுத்தால் பிறகு வீட்டில் சரிசெய்யலாம். காற்று அடித்தால் ஷட்டர் வேகம் 1/250-க்குக் கீழே இறங்க வேண்டாம், ஐஎஸ்ஓ ஏறினால் ஏறிவிட்டுப் போகட்டும். முக்காலியைத் தூக்காதீர்கள். பாதை ஒடுங்கிய தோட்டங்களில் விரிக்க விடமாட்டார்கள், அம்மா கையைப் பிடிக்க உங்களுக்கு ஒரு கை வேண்டும்.

நெல்லைநிழல்

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். நாங்கள் ஏப்ரல் கடைசியில் வருகிறோம். புளூபெல் காடு என்று நீலமாக விரித்த படங்கள் பார்த்தேன். எங்கே?

சுன்னாகத்தான்

ஏப்ரல் கடைசி, மே நடு வரைக்கும் சரியான காலம் தம்பி. லண்டனுக்கு வடக்கே ஆஷ்ரிஜ் எஸ்டேட், டாக்கி வுட். பூக்கிற நாட்களில் வார இறுதிக்குக் கட்டணம் வாங்குவார்கள். ஒன்றே ஒன்று: பாதையை விட்டு இறங்காதேங்கோ. இலை மிதிபட்டால் கிழங்குக்குச் சாப்பாடு போகாது, அந்த இடம் திரும்பத் தலையெடுக்க வருடங்கள் ஆகும். பூ நடுவில் பிள்ளையை இருத்திப் படம் எடுக்கிறவர்களால்தான் வேலி போட்டிருக்கினம். கிழங்கைத் தோண்டுவது 1981-ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டப்படி குற்றமும் கூட.

வைகைக்கரை

கிழங்கு என்றதும் நினைவு வருகிறது. அம்மாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. பிடித்த செடி கண்ணில் பட்டால் ஒரு கிளை ஒடித்துக் கைப்பைக்குள் போட்டுக்கொள்வார். கொடைக்கானலில் எல்லாம் அப்படித்தான். ஹிட்கோட்டில் என்ன செய்வது என்று யோசித்தாலே பயமாக இருக்கிறது.

செடிப்பைத்தியம்

ஹாஹா, எல்லா அம்மாவும் ஒரே அச்சு. பிடித்து வையுங்கள், அங்கே அதைத் திருட்டு என்றுதான் பார்ப்பார்கள். ஊருக்குக் கொண்டுபோகவும் முடியாது. இந்தியாவுக்குள் செடி, விதை கொண்டுபோக இறக்குமதி அனுமதியும் செடி நோயில்லை என்ற சான்றிதழும் வேண்டும், விமான நிலையத்தில் பிடுங்கிவிடுவார்கள். ஹிட்கோட்டிலும் கிஃப்ட்ஸ்கேட்டிலும் செடி விற்கிறார்கள். 'ஹிட்கோட்' என்றே பெயர் வைத்த லாவண்டர் ஒன்று உண்டு, அதை அம்மா கையாலேயே வாங்கி உங்கள் பால்கனியில் வைக்கச் சொல்லுங்கள். மதுரை வெயிலில் எப்படியும் தாங்காது.

வைகைக்கரை

பால்கனி வடக்குப் பார்த்தது அக்கா. வெயிலே வராது.

செடிப்பைத்தியம்

அப்படியென்றால் லாவண்டர் வேண்டாம், செத்துவிடும். பெரணி வாங்குங்கள். மஞ்சள் அட்டை வீடுகளில் சின்னத் தொட்டியாக மலிவாகவே கிடைக்கும்.